கோரஸ் பாடுபவர்களின் தொழிலும் வழிபாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடம்பாக்கம், வடபழநி, சாலிகிராமம் பக்கத்து ஸ்டுடியோக்களில் கோரஸ் பாடுகிறவர்களில் பெரும்பாலோர் பாட்டை முதலில் கற்றது சர்ச் கொயரிலோ, பஜனை மடத்திலோ, மார்கழித் திருப்பாவை வகுப்பிலோதான். தொழிலுக்கு வந்த பிறகும் வழிபாடு தொடர்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு உதவவும் செய்யும், இடைஞ்சலும் செய்யும். அதைப் பற்றி வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

கோரஸ் பாடகரின் வேலை என்ன?

பெரும்பாலும் நான்கு முதல் எட்டுப் பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்று, பாட்டின் பின்னணியில் வரும் குழுக்குரலைப் பாடித் தருவது. பல்லவியைத் திருப்பிப் பாடுவது, ‘ஆ’, ‘ஓ’ என்ற நீள் ஹம்மிங், கிராமியப் பாட்டில் வரும் எதிர்க்குரல், பின்னணி இசையில் வரும் கூட்டப் பிரார்த்தனை எல்லாம் இதில் அடக்கம். பாடகர் வருவதற்கு முன் மெட்டை மாதிரிக்குப் பாடித் தருவது ‘ட்ராக்’. அது வேறு வேலை. ஆனால் இரண்டையும் ஒரே ஆள் செய்வது சகஜம்.

நான்கு பேர் பாடினாலும் கேட்பவருக்குப் பதினாறு பேர் போலத் தெரிய வேண்டும் என்றால் அதே பகுதியை நான்கு முறை பாடி அடுக்குவார்கள். இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். நான்கு முறையும் அதே இடத்தில் அதே குரலில் நின்று பாடினால் கூட்டம் பெருகாது, ஒரே ஆளின் நகல்கள்தான் கேட்கும். ஒவ்வொரு டேக்குக்கும், அதாவது ஒவ்வொரு முறை பதிவுசெய்யும்போதும், இடம் மாற வேண்டும்: ஓரத்தில் நின்றவர் நடுவே, முன்னே நின்றவர் அரை அடி பின்னே. குரலின் நிறத்தையும் சற்று மாற்றலாம். ஒரு டேக் காற்றுக் கலந்த மென்குரல் என்றால் அடுத்தது கொஞ்சம் திறந்த குரல்.

கோயிலிலும் சர்ச்சிலும் பல வருடம் பாடியிருக்கிறேன். அது போதாதா?

சுருதி, தாளம், மனப்பாடம், கூச்சமின்மை இந்த நான்கும் அங்கிருந்தே வந்துவிடும். பெரிய மூலதனம் அது. ஆனால் வழிபாட்டில் நல்லதாக எண்ணப்படும் சில பழக்கங்கள் மைக் முன்னால் கெடுதல்.

முதலாவது, முன்னின்று இழுப்பது. பஜனையில் ஒருவர் கொஞ்சம் முந்தி எடுத்தால்தான் மற்றவர்கள் பின்தொடர்வார்கள். ஸ்டுடியோவில் அந்தச் சிறு முந்தல் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் கலங்கலாக்கிவிடும். இரண்டாவது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. தனியாகப் பாடும்போது அழகு. ஆறு பேர் ஆறு விதமாக அசைத்தால் சுருதி சேராதது போலவே கேட்கும். இசையமைப்பாளர் கேட்டால் ஒழிய ஸ்வரத்தை நேராக நிறுத்துங்கள். மூன்றாவது, வரிமுடிவில் மெய்யெழுத்தை அழுத்துவது. ‘காத்தருள்வாய்’ என்று ஐந்து பேர் முடித்தால் ஐந்து ‘ய்’ வரும். ஒருவர் மட்டும் ‘ய்’யை உச்சரிக்க, மற்றவர்கள் ‘வா’வோடு நிறுத்துவது வழக்கம். ‘ஸ்’, ‘ஷ்’, ‘ச்’ எல்லாவற்றுக்கும் இதே முறைதான். யார் அந்த ஒருவர் என்பதை டேக்குக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

மூச்சு நான்காவது. சபையில் எல்லோரும் வரிமுடிவில் சேர்ந்து மூச்சு வாங்குவார்கள். நீள் ஹம்மிங்கில் அப்படிச் செய்தால் ஓட்டை விழும். பக்கத்தில் இருப்பவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று தாளில் பென்சிலால் குறித்து, நீங்கள் வேறிடத்தில், சொல்லின் நடுவே உள்ள உயிர்நெடிலில், சத்தமில்லாமல் எடுங்கள். திரும்பச் சேரும்போது குரலைத் தணித்துச் சேருங்கள்.

மைக் முன்னால் நிற்பதற்கு முறை உண்டா?

தனியாகப் பாடினால் ஆறு முதல் எட்டு அங்குலம். குழுவாக என்றால் மைக்கைச் சுற்றி அரைவட்டமாக மூன்று முதல் ஐந்து அடி. குரல் கனமானவர் பின்னால். ஹெட்போனில் ஒரு காதை மட்டும் திறந்துவைத்துப் பக்கத்துக் குரலைக் கேட்பார்கள். காதிலிருந்து எடுத்த ஹெட்போன் பக்கத்தைத் தலையோடு அழுத்தி வையுங்கள். இல்லையென்றால் தாளம் காட்டும் கிளிக் சத்தம் கசிந்து மைக்கில் ஏறும். பாட்டு அடங்கி மெலியும் இடத்தில் ‘டிக் டிக்’ என்று அது தெளிவாகக் கேட்கும், பிறகு எடுக்க முடியாது.

கண்டென்சர் மைக் எதையும் விடாது. கண்ணாடி வளையல், கொலுசு, பட்டுப் புடவையின் சரசரப்பு, பாட்டுத்தாளைத் திருப்பும் ஓசை எல்லாம் பதியும். துளசி மாலையோ ருத்திராட்சமோ ஜெபமாலையோ கழுத்தில் இருந்தால் மணிகள் உரசாதபடி கைக்குட்டையில் சுற்றி உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். கழற்றத் தேவையில்லை. விரதநாளில் வெறும் வயிறு போடும் சத்தமும் மென்மையான டேக்கில் விழும். சிரிக்க வேண்டாம், அதற்காகவே எத்தனையோ நல்ல டேக்குகள் வீணாகியிருக்கின்றன.

சர்ச்சில் ஹார்மனி பழகிவிட்டேன். ராகப் பாட்டில் ஏன் ஒட்டவில்லை?

சர்ச் பாமாலையில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலும் ஏழு ஸ்வரம் உள்ள மேஜர், மைனர் அளவுகோலுக்கு எழுதப்பட்டவை. பழகிய காது எந்த மெட்டுக்கும் தானாக மூன்றாம் ஸ்வரத்தைத் தேடும். மோகனத்தில் மத்தியமமும் நிஷாதமும் கிடையாது. ஸட்ஜத்துக்கு மேல் காந்தாரம் சரியாக விழும். ரிஷபத்துக்கு மேல் மூன்றாவதாக வர வேண்டிய மத்தியமம் ராகத்திலேயே இல்லை, ஆகவே பஞ்சமத்துக்குத்தான் போக வேண்டும். பழக்கதோஷத்தில் மத்தியமத்தைத் தொட்டுவிட்டால் கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் மோகனம் போய்விட்டது என்று தெரிந்துவிடும்.

மாயாமாளவகௌளை இன்னும் கடினம். சுத்த ரிஷபத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள பெரிய இடைவெளியைத் தாண்டும்போது கீழ்க்குரல் தடுமாறும். இப்படிப்பட்ட ராகங்களில் இரண்டாம் குரலை முழு வரிக்கும் ஓட்டாமல், நீண்டு நிற்கும் ஸ்வரங்களில் மட்டும் சேர்ப்பதே நல்லது.

தமிழ்ச் சூழலில் கூட்டுக்குரலைத் தனிக்கலையாக எண்ணிப் பழக விரும்புகிறவர்களுக்கு இசையமைப்பாளர் எம்.பி. ஸ்ரீனிவாசன் வழி வந்த மெட்ராஸ் யூத் கொயர் நல்ல முன்மாதிரி. மேற்கத்திய வகை என்றால் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன்.

எல்.ஆர். ஈஸ்வரி கோரஸிலிருந்து வந்தவர், அதுவும் கிறிஸ்தவர் என்கிறார்களே, உண்மையா?

இரண்டும் உண்மை. 1939இல் சென்னையில் ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் நிர்மலா சினிமாவில் கோரஸ் பாடியவர். அவரோடு ஸ்டுடியோவுக்குப் போய்வந்து மகளும் கோரஸில் சேர்ந்தார். கே.வி. மகாதேவன் இசையில் 1958இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் தனிப்பாட்டு கிடைத்தது. எம்.எஸ். ராஜேஸ்வரி என்ற பாடகி ஏற்கெனவே புகழோடு இருந்ததால், இவருடைய ராஜேஸ்வரி என்ற பெயர் எல்.ஆர். ஈஸ்வரி ஆனது. 1961இல் ‘பாசமலர்’ படத்தின் கல்யாணப் பாட்டு அவரை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. அரை நூற்றாண்டு கழித்து 2011இல் ‘ஒஸ்தி’ படத்திலும் அதே துள்ளல்.

ஆடி மாதம் பிறந்தால் சென்னைத் தெருமுனை அம்மன் கோயில்களில் குழாய் ஒலிபெருக்கி கட்டியதும் முதலில் ஒலிப்பது அவர் குரல். மாரியம்மன் பாட்டு என்றாலே அவர்தான் என்றாகிவிட்டது. கூழ் ஊற்றும் வரிசையில் நிற்கும் யாரும் பாடியவர் ஞானஸ்நானம் பெற்றவரா என்று கேட்டதில்லை. கே.ஜே. யேசுதாஸும் அப்படித்தான். லத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். சபரிமலையில் நடை சாத்தும் நேரத்தில் ஒலிக்கும் ஹரிவராசனம் அவர் பாடிய பதிவு.

இதை மதநல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. தொழில் தெரிந்தவர்கள் கவனிப்பது வேறு: ஈஸ்வரியின் அம்மன் பாட்டில் உடுக்கை, பம்பையின் வேகத்துக்கு ஒரு எழுத்தும் சிதையாது, விளிக்கும் இடத்தில் குரல் விளிக்கும். பாடுகிற சொல்லை முழுதாக நம்பிப் பாடுவது அது. வீட்டில் எந்தப் படம் மாட்டியிருக்கிறது என்பது அதில் குறுக்கே வரவில்லை.

மற்ற மதப் பாட்டுக்கு அழைத்தால் மறுக்கலாமா?

மறுக்கலாம். மறுக்கும் நேரம்தான் முக்கியம். போனில் அழைக்கும்போதே ‘என்ன மாதிரிப் பாட்டு?’ என்று கேட்டு, வேண்டாம் என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள். ‘பக்திப் பாட்டு நான் எடுப்பதில்லை, அண்ணா, மற்ற எதற்கும் கூப்பிடுங்கள்’ என்றால், கோரஸுக்கு ஆள் அழைக்கும் எந்த ஒருங்கிணைப்பாளரும் கோபிக்க மாட்டார். மைக் முன் வந்து நின்று, வரியைப் படித்துவிட்டு, ஒரு சொல்லை மட்டும் வாயசைத்து விழுங்குவது எல்லோருக்கும் கஷ்டம். ஐந்து குரல் கேட்க வேண்டிய இடத்தில் நாலு கேட்கும், அதை இன்ஜினியர் கண்டுபிடித்துவிடுவார்.

ஏற்றுக்கொண்டால் உச்சரிப்புக்கு உரிய மரியாதை தர வேண்டும். சமஸ்கிருத ஸ்லோகத்தைத் தமிழில் எழுதிக்கொண்டால் ‘க’ எந்தக் ‘க’ என்று தெரியாது. ஸ்தோத்திரப் புத்தகங்களில் போடுவது போல எழுத்தின் மேல் 1, 2, 3, 4 என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். அரபுச் சொற்களில், ‘அல்லாஹ்’ என்பதில் ‘ல்லா’ கனத்து வரும். முன்னால் இகரம் வந்தால், ‘பிஸ்மில்லாஹ்’ என்பது போல, மெலிந்து வரும். இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் பள்ளிவாசலுக்குப் போகிறவர் உடனே கண்டுகொள்வார். கிறிஸ்தவப் பாட்டில் கத்தோலிக்கர் ‘ஆண்டவர்’, ‘தூய ஆவி’ என்பார்கள். சி.எஸ்.ஐ. போன்ற புராட்டஸ்டண்ட் சபைகளில் ‘கர்த்தர்’, ‘பரிசுத்த ஆவி’. ஹம்மிங்கின் நடுவே சொந்தமாகச் சொல் சேர்க்கும்போது இது மாறிப்போகக் கூடாது.

ஞாயிறு ஆராதனை, வெள்ளி ஜும்ஆ, பிரதோஷம் இவற்றோடு ரெக்கார்டிங் நேரத்தை எப்படிப் பொருத்துவது?

முன்கூட்டியே சொல்வதைத் தவிர வேறு வித்தை இல்லை. மாத ஆரம்பத்தில் முடியாத நேரங்களை ஒரே செய்தியாக ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமைதான் வேடிக்கை. ராகுகாலம் 10.30 முதல் 12 வரை, அதில் முதல் டேக் எடுக்கச் சிலர் சம்மதிக்க மாட்டார்கள். 12.30க்கு மேல் ஜும்ஆ தொழுகை. ஆகவே 10 மணிக்குள் ஒரு டேக்காவது எடுத்துத் தொடங்கிவிடுவதுதான் வழி. தொடங்கியதைத் தொடர்வதற்கு ராகுகாலம் தடையில்லை என்பதே நடைமுறைப் பஞ்சாங்கம். தொழுகைக்குப் போகிறவரின் பகுதிகளை முதலில் முடித்து அனுப்பலாம். கத்தோலிக்கருக்கு ஒரு வசதி: சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறு கடமைக்குக் கணக்காகும். சி.எஸ்.ஐ. கொயரில் இருப்பவருக்கு அது இல்லை, அவரை ஞாயிறு மதியத்துக்கு மேல் அழைப்பதே முறை. பிரதோஷம் மாலை 4.30 முதல் 6 வரை. அன்றைக்கு 4 மணிக்கு முடியும் கால்ஷீட்டை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், வடபழநியிலிருந்து மயிலாப்பூருக்கு அந்த நேரத்தில் அரைமணியில் போக முடியாது.

ரமலான் நோன்போடு பாடலாமா?

பாடலாம். சென்னையில் நோன்பு ஏறத்தாழ 13 முதல் 14 மணி நேரம். குடிக்கும் நீர் குரல்நாணைத் தொடுவதே இல்லை. அது உணவுக்குழாய் வழியே போய், இரத்தத்தில் கலந்து, பல மணி நேரம் கழித்துத்தான் குரல்நாணை ஈரமாக்கும். அதனால் சஹர் (விடியலுக்கு முந்தைய உணவு) முடியும் கடைசி நிமிடத்தில் ஒரு லிட்டரை மடமடவென்று குடிப்பதில் பயனில்லை. இஃப்தாரிலிருந்து (மாலையில் நோன்பு திறப்பது) சஹர் வரை இரண்டு, இரண்டரை லிட்டரைப் பகிர்ந்து குடியுங்கள். சஹரில் காபி வேண்டாம், ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம்.

ஆவி பிடிப்பது குரல்நாணை நேராக ஈரப்படுத்தும் ஒரே வீட்டு வழி. ஆனால் நோன்பு நேரத்தில் வேண்டுமென்றே ஆவியை இழுப்பது நோன்பை முறிக்கும் என்று பல ஆலிம்கள் சொல்கிறார்கள். எனவே சஹருக்கு முன் பத்து நிமிடம். பகலில் வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள், ஏசி காற்று நேராக முகத்தில் படும் இடத்தில் உட்காராதீர்கள். காலை 9 முதல் 12 வரை குரல் நன்றாக இருக்கும். மூன்று மணிக்கு மேல் உச்சஸ்தாயியும் கூச்சல் கோரஸும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பலருக்குக் குரல் கெடுவது பட்டினியால் அல்ல, இஃப்தாரால். பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி இவை குரலுக்கு இதம். அதோடு சமோசா, பஜ்ஜி, வடை என்று அடுக்கி, தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து வந்து உடனே படுத்தால் புளித்த ஏப்பம் தொண்டைவரை ஏறும். மறுநாள் காலைக் கரகரப்புக்குக் காரணம் அதுதான்.

சபரிமலைக்கு மாலை போட்ட மண்டலத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

கார்த்திகை முதல் தேதியிலிருந்து 41 நாள். அதிகாலைக் குளிர்ந்த நீரில் குளிப்பதாலேயே குரல் போய்விடாது. தலையை நன்றாகத் துவட்டி, ஒரு மணி நேரம் கழித்துப் பயிற்சி தொடங்கினால் போதும். உண்மையான ஆபத்து சரணகோஷம். நாற்பது பேர் நடுவே, மைக் இல்லாமல், தொண்டையை இறுக்கிக் கத்துவது அடுத்த இரண்டு நாள் ரெக்கார்டிங்கைக் காவு வாங்கும். குருசாமியிடம் சொல்லிவிட்டு எதிர்ச்சரணத்தைக் கீழ்ஸ்தாயியில் சொல்லுங்கள். ஐயப்பன் கோபிப்பதாக எந்த குருசாமியும் சொல்ல மாட்டார். வெறுங்காலுடன் ஸ்டுடியோவுக்குப் போவதில் பிரச்சினையே இல்லை, அங்கே எல்லோரும் செருப்பை வெளியேதான் விடுகிறார்கள்.

டிசம்பர் கரோல் முடிந்தால் ஜனவரியில் குரலே இல்லை. ஏன்?

திறந்த வேனில் இரவு முழுதும் பனிக்காற்றில், ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே பாடுவதால். பாட்டை விட வேனில் போகும்போது பேசும் பேச்சு அதிகம் கெடுக்கும். குழுவை இரண்டாகப் பிரித்து, ஒரு வீட்டுக்கு ஒரு பாதி பாடட்டும். கீபோர்டில் டிரான்ஸ்போஸை இரண்டு படி இறக்குங்கள். கைத்தாளமும் டாம்பரினும் சத்தத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டுக்கு வீடு தரும் கேக் பரவாயில்லை, குளிர்பானத்தைத் தவிர்த்து வெந்நீர் பிளாஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலி, 25 விடியற்கால ஆராதனை, 31 வாட்ச்நைட் (ஆண்டு முடியும் இரவு ஆராதனை) என்று வரிசையாக வருவதால், 26, 27 இரண்டு நாளும் பேச்சையே குறைப்பது நல்லது.

சாம்பிராணி, கற்பூரப் புகை ஒத்துக்கொள்ளவில்லை. பாவமா?

இல்லை. கருவறைக்கோ பீடத்துக்கோ நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில், காற்று வரும் வாசல் பக்கம் நில்லுங்கள். புகைக்குப் பின் செருமாதீர்கள், எச்சிலை விழுங்குங்கள்.

ஆடி மாதக் கோயில் கச்சேரிகளை ஏற்கலாமா?

காசு வரும், பயிற்சியும் கிடைக்கும், குரலும் போகும். மேடையில் உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கும்படி மானிட்டர் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று ஒப்புக்கொள்ளும் முன்பே கேளுங்கள். அது இல்லாத மேடையில் பம்பைக்கு எதிராகத் தொண்டை தானே ஏறும். பெண்குரலுக்கு 5 கட்டை சுருதியில் பழகிய பாட்டை 4 கட்டைக்கு இறக்கக் கீபோர்டு வாசிப்பவரிடம் கேட்பதில் வெட்கமில்லை. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. விழா நாட்களில் அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு வரைதான், அதுவும் ஆண்டுக்குப் 15 நாளுக்கு மேல் இல்லை. எனவே கடைசி ஒரு மணி நேரத்தில் எல்லாப் பாட்டையும் திணிப்பார்கள். உங்கள் பெரிய பாட்டை முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

வாய்ப்பு எப்படிக் கிடைக்கும்?

இசையமைப்பாளரைத் துரத்துவதில் பயனில்லை. கோரஸை அழைப்பது ஒருங்கிணைப்பாளர். அவருக்கு அரை நிமிடப் பதிவுகள் மூன்று அனுப்புங்கள்: ஒன்று எக்கோ, ரிவர்ப் எதுவும் இல்லாத வெறும் குரல், ஒன்று ஹார்மனியின் கீழ்க்குரல், ஒன்று கிராமியக் குரல். மேற்கத்திய இசைக்குறிப்பு முறைகளான ஸ்டாஃப் நொட்டேஷனோ சோல்ஃபாவோ பார்த்துப் பாட முடியுமா என்பதையும் எழுதுங்கள், அது பலரிடம் இல்லாத தகுதி. தொடர்ந்து சினிமாவுக்குப் பாடுவதாக இருந்தால் திரை இசைக் கலைஞர்கள் சங்கத்தில் சேரும் வழியை விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த அமைப்பு உருவாகக் காரணமானவர்களில் மேலே சொன்ன எம்.பி. ஸ்ரீனிவாசன் முக்கியமானவர்.

‘கடவுளுக்காகப் பாடியது’ என்று பணம் தராமல் விட்டால்?

சபையிலோ கோயிலிலோ நீங்களாக விரும்பிப் பாடுவது சேவை. ஆல்பமாக விற்கவும் யூடியூபில் போட்டு வருமானம் பார்க்கவும் எடுக்கும் பதிவு வேலை. பாடும் முன்பே இரண்டில் எது என்று கேட்டு, தொகையை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். இலவசமாகப் பாட முடிவெடுத்தால் அதையும் எழுதி, பெயர் போட வேண்டும் என்பதைச் சேர்த்துவிடுங்கள்.

பெயருக்கு மதிப்பு இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, பாடியவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. 2012 திருத்தம் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறும் உரிமையைச் சேர்த்தது, அதன்பின் 2013இல் பாடகர்களுக்காக ‘இஸ்ரா’ அமைப்பு வந்தது. ஆனால் அதே திருத்தம் ஒரு முள்ளையும் வைத்திருக்கிறது. சினிமாவில் தற்செயலாகவோ சிறு அளவிலோ பங்கெடுத்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில் எங்கும் பெயர் வராதவர் ‘பெர்ஃபார்மர்’ என்று கருதப்படமாட்டார். தன் பெயர் கெடும்படி குரலைத் திரித்துப் பயன்படுத்தினால் தடுக்கவோ இழப்பீடு கேட்கவோ உள்ள உரிமை மட்டுமே அவருக்கு மிஞ்சும். கோரஸ் பாடகர் அந்த விலக்குக்குள் தள்ளப்படாமல் இருக்க முதல் பாதுகாப்பு டைட்டிலில் வரும் பெயர். ஆகவே டேக் முடிந்து கிளம்பும் முன், பெயரைச் சரியான எழுத்துகளோடு எழுதி உதவி இன்ஜினியரிடமும் ஒருங்கிணைப்பாளரிடமும் கொடுங்கள். படம் வெளியாகும் வாரத்தில் ஒருமுறை நினைவூட்டுங்கள், பாட்டு வெளியானதும் ஆடியோ தளங்களில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அன்றே கேளுங்கள்.